மயிலாப்பூரிலிருந்து சாங்கி வரை: நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஏன் பத்து மணி நேரம்?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? மகனையோ மகளையோ பார்த்துவரக் கிளம்பும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் டிக்கெட் போடுவதற்கு முன்பே எழும் கேள்வி இது. சுருக்கமான பதில்: தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். வழியில் எங்கும் நிற்காத விமானத்தில் நான்கேகால் மணி முதல் நாலரை மணி நேரம்.

பதில் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி நாளைத் திட்டமிட்டால் நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். இங்கே வீட்டைப் பூட்டுவதிலிருந்து அங்கே பிள்ளை வீட்டுக் கதவு திறக்கும்வரை பத்து மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் விமானத்துக்குள் கழியும் நான்கு மணி நேரம்தான் அதிகம் மாறாத பகுதி. மீதி நேரமெல்லாம் தரையில் கழிகிறது. அது கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் நீங்கள் எடுக்கும் முடிவுகளால்தான்.

முதலில் தூரம். இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 1,810 என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 1,570 என்று இருக்கிறது, வேறொன்றில் 2,900-க்கு மேல் காட்டுகிறது. எது உண்மை? மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். முதலாவது சாதாரண மைல். இரண்டாவது கடல் மைல் (கப்பலும் விமானமும் பயன்படுத்தும் அளவு, ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்). மூன்றாவது கிலோமீட்டர். எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் அளவையும் பாருங்கள்.

இந்தத் தூரம் எந்த வழியாக அளந்தது? பூமி உருண்டை என்பதால் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் சரியாக வராது. ஒரு சாத்துக்குடியை எடுத்து, அதன் மேல் இரண்டு புள்ளி வைத்து, நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் போகும் வழிதான் பெருவட்டப் பாதை (உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி). தூரக் கணக்குகள் எல்லாம் இந்த வழியில்தான் போடப்படுகின்றன.

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு அந்த நூலை இழுத்தால் எங்கெல்லாம் போகும் தெரியுமா? வங்காள விரிகுடாவைத் தென்கிழக்காகக் கடந்து, சுமார் 1,650 கிலோமீட்டரில் பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனையை ஒட்டிச் செல்லும். அதுதான் இந்தியாவின் தென்கோடி. இரண்டு மணி நேரம் பறந்த பிறகும் நீங்கள் நம் நாட்டு நிலத்தின் அருகில்தான் இருக்கிறீர்கள். அதன் பிறகு சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சே அருகே போய், மலாக்கா நீரிணை வழியாக இறங்கும். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் நோக்கிப் போனதும் இதே கடல்தான்.

விமானம் அந்தக் கோட்டிலேயே போகுமா? கிட்டத்தட்ட. விமானங்களுக்கென்று குறித்த வான்வழிகள் உண்டு. வங்காள விரிகுடாவின் பெரும்பகுதியில் பறக்கும் விமானங்களைச் சென்னைக் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கிறது; பிறகு பொறுப்பு கிழக்கே உள்ள மையங்களுக்கு மாறுகிறது. நடுவழியில் இடிமேகம் இருந்தால் சுற்றிப் போவார்கள். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

தூரத்தை அளப்பது பற்றிப் பேசும்போது சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தெரிகிறதே பரங்கிமலை, அங்கேதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர். எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி அந்த அடிக்கோட்டை அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டித்தான் இமயம் வரை அளந்தார்கள். அடுத்த முறை விமானம் ஏறும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அந்த மலையை ஒரு முறை பாருங்கள்.

சரி, 2,900 கிலோமீட்டரை மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றரை மணிக்கும் குறைவாகத்தானே வர வேண்டும்? டிக்கெட்டில் ஏன் 4.20 என்று போடுகிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் சென்னையில் தன் நிறுத்தத்தை விட்டு நகரும் நிமிடத்திலிருந்து, சாங்கியில் நிறுத்தத்தில் வந்து நிற்கும் நிமிடம்வரை அந்தக் கணக்கு. ஓடுதளத்தின் முனைக்குப் போக, வரிசையில் காத்திருக்க 15, 20 நிமிடம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது. அதில் இன்னொரு கால் மணி. அங்கே இறங்கி ஊர்ந்து போய் நிற்கப் பத்து நிமிடம். எல்லாம் சேர்த்தால் நான்கேகால் மணி வந்துவிடும்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. வழியில் சிறு தாமதம் ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஆகவே விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கினால் வியக்க வேண்டாம். உங்களை அழைக்க வருகிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம் காட்டுகிறதே? அது காற்றின் வேலை. விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்று பலமாக வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது, மேலே நேர் எதிராகக் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி எழுதி உலகுக்குத் தெரியப்படுத்தினார். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று (தென்னிந்தியாவுக்கு மேலே இந்த மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் வேகமான காற்றோட்டம்) என்பது அதன் பெயர்.

அந்தக் காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் மூன்று மணி 27 நிமிடம் ஆக வேண்டிய பறத்தல் மூன்று மணி 40 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் மூன்று மணி 15 நிமிடத்தில் முடியும். போகவர வித்தியாசம் 25 நிமிடம். அவ்வளவுதான், இதற்காகத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.

கீழே வீசும் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். சென்னையின் பெரிய ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதைக் கிழக்கே நீட்டினால் கிண்டி, கோட்டூர்புரம் வழியாக மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் கடலைத் தொடும். அதனால்தான் சில மாதங்களில் உங்கள் மொட்டை மாடிக்கு மேலே விமானங்கள் தாழ இறங்கிப் போவதைப் பார்க்கிறீர்கள். வேறு சில மாதங்களில் அதே வழியில் ஏறிப் போகின்றன. மேற்குக் காற்று வீசும் நாளில் சிங்கப்பூர் விமானம் தாம்பரம் பக்கமாக ஏறி, பிறகு திரும்பிக் கிழக்கே வர வேண்டும். அதிலும் சில நிமிடம் போகும்.

இப்போது எல்லோரையும் குழப்புவதற்கு வருவோம்: கடிகாரம்.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. காலை 10 மணிக்குக் கிளம்பினால் சேரும் நேரம் மாலை 4.50 என்று இருக்கும். ஏழு மணி நேரப் பயணமோ என்று பயப்பட வேண்டாம். அந்த வித்தியாசத்திலிருந்து இரண்டரை மணியைக் கழியுங்கள். பயணம் நாலு மணி இருபது நிமிடம்.

துபாயோடு ஒப்பிட்டால் இது நன்றாக விளங்கும். சென்னையிலிருந்து துபாயும் ஏறக்குறைய அதே 2,900 கிலோமீட்டர்தான். சென்னை இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அதே 10 மணிக்கு ஏறி, அதே நாலு மணி இருபது நிமிடம் பறந்தால், துபாயில் கடிகாரம் பகல் 12.50 காட்டும். ஒரே தூரம், ஒரே நேரம். ஆனால் ஒரு டிக்கெட்டில் ஏழு மணி நேரம் போலவும், இன்னொன்றில் மூன்று மணி நேரம் போலவும் தெரிகிறது. ஆகவே புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்துப் பயண நேரத்தை முடிவு செய்யாதீர்கள். டிக்கெட்டில் தனியாகப் போட்டிருக்கும் மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள்.

இரண்டரை மணி என்பது எப்படி வந்தது? சூரியனை வைத்துப் பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி 35 நிமிடம்தான். நம் ஊருக்கு ஒரு காலத்தில் தனி நேரமே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வு நிலையத்தை வைத்து, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் என்று மதராஸ் நேரம் கணக்கிட்டார்கள். ரயில்களும் அந்த நேரப்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஐந்தரை மணி என்ற பொது நேரம் வந்தது. அந்த வானாய்வு நிலையத்தின் கல்தூண், தமிழ் எழுத்துகளோடு, இன்னமும் கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

சிங்கப்பூர் பக்கம் 1981 வரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி வித்தியாசம்தான் இருந்தது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் கூடவே 1981 டிசம்பர் 31 இரவு கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதனால் சூரியன் சொல்வதைவிட அங்கே கடிகாரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகமாக ஓடுகிறது. ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் அங்கே பொழுது விடியும். ஆறு மணிக்கு இறங்கினால் வெளியே கும்மிருட்டு.

இது நம் வீடுகளில் எங்கே வந்து நிற்கும் தெரியுமா? ராகு காலத்தில். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது, ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் கணக்கில். பகலை எட்டாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு அது. ஏழு மணிக்கு விடியும் ஊரில் அது எட்டரையிலிருந்து பத்து வரை ஆகிவிடும். அங்கே புதுவீட்டில் பால் காய்ச்சவோ வேறு நல்ல காரியத்துக்கோ போகிறீர்கள் என்றால் சென்னை நாட்காட்டியைக் கையில் எடுத்துப் போவது உதவாது. சிங்கப்பூருக்கென்று கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது தேதி. பலரும் இதில்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். டிக்கெட்டில் 15-ஆம் தேதி, சனிக்கிழமை, 00.20 என்று இருக்கிறது. நீங்கள் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தால், உங்கள் விமானம் முதல் நாள் ராத்திரியே போயிருக்கும்.

நம் வழக்கப்படி நாள் என்பது சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நடப்பதையும் ‘வெள்ளிக்கிழமை ராத்திரி’ என்றுதான் வீட்டில் சொல்வோம். விமான அட்டவணைக்கு நள்ளிரவு 12 அடித்தால் சனிக்கிழமை. ஆகவே 00-விலும் 01-இலும் தொடங்கும் டிக்கெட் கையில் வந்தவுடன், ‘வெள்ளி இரவு 8 மணிக்கு வீட்டிலிருந்து’ என்று உங்கள் மொழியில் நாட்காட்டியில் எழுதி ஒட்டிவிடுங்கள். டாக்ஸிக்குச் சொல்வதும் அதே வார்த்தைகளில் இருக்கட்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 14-ஆம் தேதி இரவு 11.15-க்கு ஏறினால் நீங்கள் சிங்கப்பூரில் கால் வைப்பது 15-ஆம் தேதி. தங்குமிடம் பதிவு செய்வது, அந்நாட்டுக்குத் தரும் விவரப் படிவத்தில் வந்துசேரும் நாளைக் குறிப்பது, எல்லாம் 15-ஆம் தேதியாக இருக்க வேண்டும்.

அந்தப் படிவம் என்ன? சிங்கப்பூர் வருகை அட்டை (நீங்கள் யார், எப்போது வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று முன்கூட்டியே இணையத்தில் தரும் விவரம்). போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தனி. அதை அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகவோ அங்கே இருக்கும் உறவினர் வழியாகவோ முன்பே வாங்கிவிட வேண்டும். வருகை அட்டை விசாவுக்கு மாற்று ஆகாது.

இரவு விமானமா, பகல் விமானமா? இதற்கு என் பதில் உறுதியானது: அறுபது வயதைத் தாண்டியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பகல் விமானமே நல்லது.

காரணத்தைப் பாருங்கள். இரவு 11.15-க்குக் கிளம்பி, காலை 6.05-க்குச் சேரும் விமானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரவெல்லாம் தூங்கிக் காலையில் இறங்கலாம் போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது நாலு மணி 20 நிமிடம்தான். ஏறி உட்கார்ந்து, விளக்கை அணைத்து, சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து முடிக்கும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. இறங்குவதற்கு முக்கால் மணி முன்பே விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவார்கள். தூக்கம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அங்கே கடிகாரம் 6.05 காட்டும்போது உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை 3.35. அந்த நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும், பெட்டியை இழுக்க வேண்டும். ஓட்டலில் தங்குவதாக இருந்தால் அறை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள்.

வேலைக்காகப் போகும் இளைஞர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. முழங்கால் வலியும் சர்க்கரையும் உள்ள அம்மாவுக்குப் பெரிய விஷயம்.

மருந்து எப்போது சாப்பிடுவது என்ற சந்தேகமும் வரும். ஒரு நாளைக்கு ஒன்று என்ற மாத்திரைக்கு இரண்டரை மணி வித்தியாசம் பொதுவாகப் பெரிய சிக்கல் ஆகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சாப்பாட்டு நேரத்தோடு மருந்தைக் கணக்கிடுபவர்கள் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

விலை குறைவு என்று கொழும்பு வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ போகலாமா? கிலோமீட்டரில் பார்த்தால் பெரிய சுற்று இல்லை. கோலாலம்பூர் சிங்கப்பூரிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர்தான். கொழும்பு வழியாகப் போனால் மொத்தம் 3,400 கிலோமீட்டரை ஒட்டி வரும். நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். நடுவே இறங்கி, மறுபடி சோதனை முடித்து, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து போய்ச் சேர ஏழு, எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை ஆகலாம். இரண்டு பயணத்துக்கும் தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தால் இன்னும் ஆபத்து: முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது.

தூரம் குறைந்தால் நேரமும் அதே அளவில் குறையுமா? குறையாது. யாழ்ப்பாணம் சென்னையிலிருந்து 360 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 650 கிலோமீட்டர். ஆனால் இரண்டுக்குமே பயணம் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம் என்ற அளவில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் போவது சுழல்விசிறி வைத்த சிறிய ஏ.டி.ஆர். விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். 2019-இல் அங்கே உள்ள பலாலி, பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு இந்தச் சேவை வந்தது.

கப்பல் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரி. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும். பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தச் சேவையும் முடிந்தது. மயிலாப்பூர்த் தாத்தாக்கள் சிலருக்கு அந்தக் கப்பலின் தளம் இன்னமும் நினைவிருக்கும்.

இனி தரையில் கழியும் நேரம். இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன்.

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போகச் சொல்கிறார்களே, அவசியமா? அவசியம். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்ட்டர் விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். சில நிறுவனங்கள் 75 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன. அதற்குப் பிறகு விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். பெட்டி ஒப்படைத்த பின் குடியேற்றச் சோதனை (கடவுச்சீட்டையும் விசாவையும் அதிகாரி பார்த்து முத்திரை இடுவது), பிறகு பாதுகாப்புச் சோதனை. சென்னையில் பல பன்னாட்டு விமானங்கள் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை நான்குக்குள் கிளம்புவதால் அந்த நேரத்தில் வரிசைகள் நீளம். 2023 ஏப்ரலில் புது முனையம் திறந்த பிறகு இடம் தாராளமாகியிருக்கிறது. வரிசை இல்லாமல் போகவில்லை.

மயிலாப்பூரிலிருந்து விமான நிலையம் சுமார் 15 கிலோமீட்டர். அடையாறு, தி.நகரிலிருந்து 11, 12 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு அரை மணியில் போய்விடலாம். அதே வழியில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை கிளம்பினால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணியும் ஆகும். லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா பகுதிகளில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலைகளைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பழகிய வழி ஒருவழியாக மாறியிருக்கலாம். நள்ளிரவு விமானத்துக்குப் போகிறவர்கள் கிளம்பும் நேரம் சரியாக இந்த மாலை நெரிசலில்தான் வந்து விழுகிறது. ஆகவே 00.20 விமானத்துக்கு எட்டு மணிக்குக் கிளம்பச் சொன்னேன். மழை பெய்தால் ஏழரை.

மெட்ரோவில் போகலாமா? ஒரு கைப்பெட்டி என்றால் அதுதான் நல்ல வழி. மயிலாப்பூர்க்காரர்கள் நந்தனம் அல்லது தேனாம்பேட்டை நிலையத்துக்கு ஆட்டோவில் வந்து ஏறலாம். அடையாறுக்குச் சின்னமலையும் கிண்டியும் பக்கம். தி.நகருக்கு நந்தனம், சைதாப்பேட்டை. நந்தனத்திலிருந்து விமான நிலையம் இருபது நிமிடத்துக்குள். அண்ணா சாலை நெரிசல் உங்களைத் தொடாது. ரங்கநாதன் தெருவுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம்.

ஆனால் ஊறுகாய், அப்பளம், பட்சணம் என்று இரண்டு பெரிய பெட்டிகளோடு கிளம்பும் அம்மா, அப்பாவுக்கு டாக்ஸிதான் சரி. மெட்ரோ காலை ஐந்து மணி போலத் தொடங்கி இரவு 11 மணி போல முடிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

வானிலையால் தாமதம் வருமா? எப்போதாவது வரும், காலத்தை வைத்து ஊகிக்கலாம். போகிப் பண்டிகை விடியற்காலையில் பனியும் புகையும் சேர்ந்து ஓடுதளம் தெரியாமல் விமானங்கள் தாமதமாவது பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. அன்றைக்குப் பதில் முதல் நாளோ மறுநாளோ போங்கள். நவம்பர், டிசம்பரில் புயல் நேரத்தில் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். சிங்கப்பூரில் அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்மழை சில நாட்களில் இறங்கவிடாமல் வானத்திலேயே சுற்றவைக்கும். அதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் நிரப்பியிருப்பார்கள், பயப்பட வேண்டாம்.

சாங்கியில் இறங்கிய பிறகு குடியேற்றமும் பெட்டியும் முடித்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒரு மணி. அழைக்க யாரும் வராவிட்டால் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு எக்ஸ்போ நிலையத்தில் வண்டி மாறிப் போக ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஆக, வீட்டிலிருந்து ஒரு மணி, நிலையத்தில் மூன்று மணி, விமானத்தில் நாலு மணி இருபது நிமிடம், இறங்கியபின் ஒன்றரை மணி: பத்து மணி நேரம் என்று சொன்ன கணக்கு இதுதான்.

திரும்பி வரும்போது கடிகாரம் உங்களுக்குச் சாதகமாக ஓடும். இரவு எட்டரைக்கு ஏறினால் சென்னையில் பத்தேகால், பத்தரைக்கு இறங்குவீர்கள். குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வரும்போது பதினொன்றரை ஆகிவிடும். கடைசி மெட்ரோ போயிருக்கும். வீட்டிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் விமானம் இறங்கும் நேரத்துக்கு வந்து வாசலில் நிற்க வேண்டியதில்லை, அரை மணி நேரம் கழித்து மயிலாப்பூரிலிருந்து கிளம்பினாலும் போதும். அந்த நேரத்தில் அண்ணா சாலை காலியாக இருக்கும்.